டேட்டா சென்டருக்கு எப்போது கரண்ட் வேண்டும்? நீலகிரியிலிருந்து ஒரு கணக்கு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். குந்தா பவர் ஹவுஸில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீ குடித்துக்கொண்டே பேப்பரில் டேட்டா சென்டர் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, உங்க கம்ப்யூட்டருக்கு நூறு மெகாவாட்டா? எங்க முதல் பவர் ஹவுஸே மொத்தமா அறுபதுதான்."

"அது சின்னது சித்தப்பா. இப்ப ஆயிரம் மெகாவாட்னு பேசுறாங்க."

"சரி. எவ்வளவுங்கிறது இருக்கட்டும். எப்ப வேணும்?"

"எப்பவும்தான்."

அவர் சிரித்தார். "எங்களுக்கு லோட் டெஸ்பாட்ச்ல இருந்து போன் வந்தா, எவ்வளவுங்கிறதோட எத்தனை மணிக்குன்னும் சொல்லுவாங்க. எப்பவும் வேணும்னு சொன்னா அதுக்கு விலை வேற."

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. "எங்கள் டேட்டா சென்டர் 100 சதவீதம் பசுமை மின்சாரத்தில் ஓடுகிறது" என்று கம்பெனிகள் சொல்வதை நானும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் சம்பளமும் அந்த சர்வர்களை நம்பித்தான் வருகிறது. ஆனால் அந்த வாக்கியத்தில் "எப்போது" என்ற சொல் இல்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. அதைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்ததன் குறிப்புகள் இவை.

முதலில் அடிப்படை

மெகாவாட் என்பது வேகம், யூனிட் என்பது அளவு. நம்ம ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மெகாவாட் உங்கள் இன்டர்நெட் ஸ்பீடு. யூனிட் மாதக் கடைசியில் தீர்ந்துபோகிற ஜிபி. 1 மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1000 யூனிட்.

கூலிங் எல்லாம் சேர்த்து 100 மெகாவாட் இழுக்கிற ஒரு டேட்டா சென்டரை எடுத்துக்கொள்வோம். இனி எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான். ஒரு நாளைக்கு 24 லட்சம் யூனிட். என் வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு 300 யூனிட் ஆகிறது, அதாவது நாளுக்கு 5. அப்படிப் பார்த்தால் இந்த ஒரு கட்டடம் 4.8 லட்சம் வீடுகளுக்குச் சமம்.

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-ல் உலகின் எல்லா டேட்டா சென்டர்களும் சேர்ந்து சுமார் 41,500 கோடி யூனிட் செலவழித்தன. உலக மின்சாரத்தில் இது ஏறக்குறைய 1.5 சதவீதம். 2030-ல் இது இரண்டு மடங்கைத் தாண்டும் என்கிறது அதே முகமை. நம் பக்கத்தில் சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி வட்டாரங்களில் டேட்டா சென்டர்கள் பெருகிவிட்டன. கடலடி கேபிள்கள் சென்னையில் கரையேறுவது ஒரு முக்கியக் காரணம். 2021-ல் தமிழக அரசு இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. 2025 அக்டோபரில் கூகுள், விசாகப்பட்டினத்தில் ஐந்து ஆண்டுகளில் 1500 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தது. அது கிகாவாட் அளவில் பேசப்படுகிற திட்டம். ஒரு கிகாவாட் என்றால் 1000 மெகாவாட்.

இது நீலகிரிக்குப் புதுசு இல்லை

ஒரு பெரிய வாடிக்கையாளருக்காகவே மின்சாரம் தயாரிப்பது ஏதோ 2024-ல் கண்டுபிடித்த விஷயம் மாதிரி எழுதுகிறார்கள். குன்னூர்க்காரர்கள் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு, நூறு வருஷத்துக்கும் முன்பே, காட்டேரி அருவித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். ஒரு தொழிற்சாலை, அதற்கென்று ஓர் அருவி. இன்று டேட்டா சென்டர் கம்பெனிகள் தேடுவதும் இதைத்தான்.

அடுத்தது பைக்காரா. 1932-ல் சிங்காராவில் ஓட ஆரம்பித்தது. மலை மேலிருந்து குழாயில் ஏறக்குறைய 3000 அடி விழும் தண்ணீர். அந்த மின்சாரம் கோயம்புத்தூருக்கு இறங்கியது; 1930-களில் அங்கே பஞ்சாலைகள் மளமளவென்று முளைத்தன. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டார் வந்ததும் அதே மின்சாரத்தால்தான். மலையில் தண்ணீர், சமவெளியில் தொழில் என்ற ஏற்பாட்டுக்குத் தொண்ணூறு வயதாகிவிட்டது.

அப்புறம் குந்தா. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா உதவியுடன் கட்டி, 1960-களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து என்று அணைகள். ஒரு பவர் ஹவுஸில் சுழன்ற தண்ணீர் கீழே அடுத்ததுக்குப் போகும். இப்படி ஆறு பவர் ஹவுஸ், மொத்தம் 585 மெகாவாட். நம்ம 100 மெகாவாட் கட்டடங்கள் ஆறு வந்தால் குந்தா முழுக்க அதுகளுக்கே போதாது. தவிர, குந்தாவை 24 மணி நேரமும் முழு வேகத்தில் ஓட்டவும் முடியாது. அணையில் அவ்வளவு தண்ணீர் இல்லை. சாயங்காலம் ஊரே விளக்குப் போடும்போது திறந்துவிடுவதற்குத்தான் அது அதிகம் பயன்படுகிறது.

சித்தப்பாவின் "எப்ப வேணும்" இங்கேதான் வருகிறது.

வெயிலும் காற்றும்: வருஷக் கணக்கா, மணிக் கணக்கா?

தமிழ்நாட்டில் காற்றாலைகள் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கின்றன. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் காற்று மே மாசத்திலிருந்து செப்டம்பர் வரைதான் பிரமாதம். மற்ற மாசங்களில் இறக்கைகள் பெரும்பாலும் சும்மா நிற்கும்.

இதற்கு இங்கே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. "பேங்கிங்" என்பார்கள். மில் முதலாளி ஜூலையில் தன் காற்றாலையில் தயாரித்த யூனிட்டை மின்வாரியத்தில் "டெபாசிட்" பண்ணுவார். பிப்ரவரியில் தன் மில்லுக்கு எடுத்துக்கொள்வார். கணக்குப் புத்தகத்தில் சரியாக இருக்கும். ஆனால் ஜூலை எலக்ட்ரானை யாரும் பிப்ரவரி வரை பாட்டிலில் அடைத்து வைப்பதில்லை. பிப்ரவரியில் அந்த மில்லுக்குப் போவது அன்று எங்கேயோ எரிகிற நிலக்கரி.

"100 சதவீதம் பசுமை" என்று சொல்லும் பெரும்பாலான கம்பெனிகளின் கணக்கும் இப்படித்தான். வருஷத்துக்கு எவ்வளவு செலவழித்தோமோ அவ்வளவு சோலார், காற்று மின்சாரம் வாங்கிவிட்டோம் என்பார்கள். பொய் இல்லை. ஆனால் ராத்திரி 2 மணிக்கு சர்வர் என்ன குடித்தது என்பதற்கு அதில் பதில் கிடையாது. கூகுள் இதை ஒப்புக்கொண்டு, 2030-க்குள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பொருந்துகிற மாதிரி கார்பன் இல்லாத மின்சாரம் என்று இலக்கு வைத்திருக்கிறது. நேர்மையான இலக்கு, கஷ்டமான இலக்கு. எவ்வளவு கஷ்டம் என்று பார்ப்போம்.

நம்ம 100 மெகாவாட் சென்டரை வெறும் சோலாரில் ஓட்ட வேண்டும். நல்ல வெயில் 8 மணி நேரம் என்று வைத்தால், அந்த நேரத்துக்கு 8 லட்சம் யூனிட் நேராகப் போகும். மீதி 16 மணி நேரத்துக்கு 16 லட்சம் யூனிட்டைச் சேமித்து வைக்க வேண்டும். தண்ணீரை மேலேற்றிச் சேமித்தால், 100 போட்டால் 75 முதல் 80 வரைதான் திரும்ப வரும். ஆக 16 வேண்டுமென்றால் 21 லட்சம் போட வேண்டும். மொத்தம் பகலில் 29 லட்சம் யூனிட் தயாரிக்கணும். ஒரு மெகாவாட் சோலார் பேனல் நம் ஊரில் சராசரியாக நாளுக்கு 4800 யூனிட் தரும் என்று எடுத்தால், சுமார் 600 மெகாவாட் பேனல்.

ராமநாதபுரம் கமுதியில் 2016-ல் திறந்த சோலார் நிலையம் 648 மெகாவாட், சுமார் 2500 ஏக்கர். அதாவது ஒரே ஒரு 100 மெகாவாட் டேட்டா சென்டருக்கு ஒரு முழு கமுதி. மழைக்கால மேகம் இந்தக் கணக்கில் இல்லை.

அப்போ அணு மின்சாரம்?

இங்கேதான் அணு உலை உள்ளே வருகிறது. ராத்திரி பகல் பார்க்காது, காற்றுக்குக் காத்திருக்காது. 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தின் முதல் உலையைத் திரும்ப ஓட்டி, அந்த மின்சாரத்தை 20 வருஷம் வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. சுமார் 835 மெகாவாட். 1979-ல் விபத்து நடந்தது பக்கத்திலிருந்த இரண்டாவது உலையில். முதல் உலை லாபம் இல்லை என்று 2019-ல் மூடப்பட்டது. மூடின உலையைத் தட்டி எழுப்புகிற அளவுக்கு இவர்களுக்குக் கரண்ட் பசி.

நமக்குக் கூடங்குளம் இருக்கிறது. 1000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. இன்னும் நான்கு கட்டுமானத்தில். ஓர் உலை நம்ம மாதிரி சென்டரில் எட்டு ஒன்பதைத் தாங்கும். கூடங்குளம் மாதிரி உலையை எரிபொருள் மாற்றுவதற்காக அவ்வப்போது வாரக்கணக்கில் நிறுத்துவார்கள். அப்போதைக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். சிறுசேரியிலிருந்து சுமார் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கல்பாக்கத்தின் கனநீர் உலைகள் வேறு வகை; ஓடும்போதே எரிபொருள் மாற்றலாம்.

ஆனால் அணு உலைக்கும் ஒரு "எப்போது" உண்டு. கூடங்குளத்துக்கு முதல் ஒப்பந்தம் 1988. கட்டுமானம் 2002. முதல் உலை கிரிட்டில் இணைந்தது 2013 அக்டோபர். இருபத்தைந்து வருஷம். நடுவில் சோவியத் யூனியனே காணாமல் போனது. 2011-ல் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இடிந்தகரை மீனவ மக்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள், குறிப்பாகக் கழிவு பற்றியது, இன்றும் நிற்கின்றன. டேட்டா சென்டர் கட்ட இரண்டு வருஷம் போதும். உள்ளே இருக்கும் சர்வருக்கு ஆயுசு ஐந்தாறு வருஷம்.

சின்ன உலைகள் இந்த இடைவெளியைக் குறைக்கும் என்கிறார்கள். 2025 மத்திய பட்ஜெட்டில் அதற்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2033-க்குள் உள்நாட்டுச் சிறு உலைகள் ஐந்தாவது ஓட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நல்லபடியாக நடந்தாலும் அடுத்த சில வருஷத்துக்கு நம்ம சர்வர்கள் ஓடப்போவது இன்றிருக்கிற கிரிட்டில்தான். 2013 கடைசியில் தென்னிந்திய கிரிட்டும் மற்றதோடு இணைந்துவிட்டது. ஆக நாடு முழுக்க ஒரே கிரிட், அதில் பெரும்பங்கு நிலக்கரி.

பேட்டரி எங்கே? நம்ம மலையில்

சேமிப்பு இல்லாமல் எதுவும் நடக்காது என்று தெரிகிறது. சேமிப்பின் பெரிய வடிவம் பம்ப்டு ஸ்டோரேஜ்: மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. பகலில் சோலார் மிஞ்சும்போது தண்ணீரை மேலேற்று, ராத்திரி இறக்கு. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1987-லிருந்து இதைச் செய்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. வீட்டு மாடியில் இருக்கிற 1000 லிட்டர் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் 367 மீட்டர் விழுந்தால், நஷ்டமே இல்லை என்று வைத்தால், சரியாக 1 யூனிட். அவ்வளவுதான். நஷ்டத்தையும் சேர்த்து 400 மீட்டர் விழ வேண்டும். நம்ம சென்டரின் ஒரு ராத்திரிக்கு 16 லட்சம் யூனிட். ஆக 16 லட்சம் டேங்க். தினமும் ஏற்றி, தினமும் இறக்க வேண்டும்.

நல்ல உயர வித்தியாசத்தில் பக்கம் பக்கமாக இரண்டு அணை கிடைக்கிற இடம் தமிழ்நாட்டில் குறைவு. நீலகிரியில் இருக்கிறது. போர்த்திமந்து மேலே, அவலாஞ்சி-எமரால்டு கீழே. இரண்டும் ஏற்கனவே கட்டிய அணைகள். அவற்றை வைத்துத்தான் 500 மெகாவாட் குந்தா பம்ப்டு ஸ்டோரேஜ் திட்டத்தின் வேலை பல வருஷமாக நடக்கிறது. சுரங்கமும் பூமிக்கடியில் பவர் ஹவுஸும்தான் புதுசு. இன்னொன்று சில்லஹல்லா, 1000 மெகாவாட். அது வேறு கதை: புது அணைகள் வேண்டும், நிலம் வேண்டும். அந்தப் பக்கத்து விவசாயிகள் எதிர்க்கிறார்கள்.

என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருத்தனுக்கு அந்தப் பக்கம் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம். அவனிடம் இந்தக் கணக்கையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னான்:

"டேட்டா சென்டர் மெட்ராஸ்ல. வேலை பெங்களூர்ல. அணை மட்டும் எங்க தோட்டத்துலயாடா?"

பதில் சொல்ல முடியவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்க நிலச்சரிவு, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இந்த மலையில் சுரங்கம் தோண்டுவது, பாறை உடைப்பது எல்லாம் வெறும் ரூபாய்க் கணக்கு இல்லை என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லித்தியம் பேட்டரி ஒரு மாற்று. ஒரு கன்டெய்னரில் சுமார் 5000 யூனிட் அடங்கும். 16 லட்சத்துக்கு 320 கன்டெய்னர். சிறுசேரியிலேயே நிறுத்தலாம், யார் தோட்டமும் மூழ்காது. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும். பைக்காரா தொண்ணூறைத் தாண்டி நிற்கிறது.

"ஊட்டியிலேயே டேட்டா சென்டர் வெச்சா ஏசி செலவு மிச்சம்தானே?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கூலிங் குறையும், உண்மை. ஆனால் சர்வர் இழுக்கிற கரண்ட் குறையாது; அதுதான் பெரும்பங்கு. இந்தச் சரிவான மண்ணில் அவ்வளவு பெரிய கட்டடம் என்பதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

யாரும் கட்டாத ஒரு பேட்டரி

மேலே எல்லாக் கணக்கிலும் நான் ஒன்றைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன். சித்தப்பாவிடம் சொன்ன அந்த "எப்பவும்தான்". நிஜமாகவே எப்பவுமா?

சர்ச், பேமென்ட், ஆஸ்பத்திரி ரெக்கார்டு: இதெல்லாம் கேட்ட நொடியில் வேண்டும். ஆனால் பேக்கப், ரிப்போர்ட், வீடியோ மாற்றுவது, ஏஐ மாடலைப் பயிற்றுவிப்பது எல்லாம் சில மணி நேரம் தள்ளிப்போனால் குடி முழுகாது. 2020-லேயே கூகுள் இந்த மாதிரி வேலைகளைக் காற்றும் வெயிலும் மிகுந்த நேரத்துக்கு நகர்த்த ஆரம்பித்துவிட்டது.

என் டீமின் ஷெட்யூலைத் திறந்து பார்த்தேன். பெரிய வேலைகள் எல்லாம் இரவு 8 மணிக்கும் 11 மணிக்கும் நடுவில். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. முன்பு இருந்த யாரோ அப்படி வைத்தது. நாட்டிலேயே கரண்டுக்கு அடிதடி நடக்கிற நேரம் அது. சித்தப்பா ஆட்கள் மதகைத் திறக்கிற நேரம். அவற்றில் பாதியைக் காலை 11 மணிக்கு மாற்றினேன். ஒரு வாரம் பயந்து பயந்து பார்த்தேன். ஒருத்தரும் கவனிக்கவில்லை.

இதில் எல்லையும் உண்டு. ஏஐ சிப்புகள் விலை அதிகம். வாங்கினவன் அதைச் சும்மா வைக்க மாட்டான், 24 மணி நேரமும் ஓட்டத்தான் பார்ப்பான். ஆனாலும் நம்ம 100 மெகாவாட்டில் 20 மெகாவாட் வேலையை ராத்திரியிலிருந்து பகலுக்கு நகர்த்த முடிந்தால், அந்த 16 மணி நேரத்துக்கு 3.2 லட்சம் யூனிட் சேமிக்கத் தேவையில்லை. 3.2 லட்சம் டேங்க் தண்ணீரை மலை ஏற்ற வேண்டாம். செலவு, ஒரு கான்ஃபிக் ஃபைலில் சில வரி. கூடவே பகலுக்குக் கொஞ்சம் கூடுதல் சர்வர்.

ஆக, என் முடிவு இது. அணு மின்சாரம் வேண்டும், ஆனால் அது மெதுவாகத்தான் வரும். சோலாரும் காற்றும் வேகமாக வரும், ஆனால் கூப்பிட்ட நேரத்துக்கு வராது. இரண்டையும் இணைக்கிற சேமிப்பின் விலையில் ஒரு பங்கை நம்ம மாதிரி மலைக்காரர்கள் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால், கேட்பதற்கு முன்பு எவ்வளவு நிஜமாகவே ராத்திரியில் வேண்டும் என்று டேட்டா சென்டர்கள் கணக்குக் காட்ட வேண்டும். அடுத்த முறை யாராவது "100 சதவீதம் பசுமை" என்றால், "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சித்தப்பாவிடம் போனில் ஷெட்யூல் மாற்றினதைச் சொன்னேன். "இதை நீங்க முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்றார். என் தோட்டக்கார நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் கேள்விக்கு இது முழு பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.